எல்லை வானில் அடையாளம் தெரியாத வெளிச்சம்: ரேடாரா, காம்பஸா, கேமராவா?

2012 ஆகஸ்ட் தொடங்கி 2013 பிப்ரவரி வரை லடாக்கின் பாங்கோங் ஏரிப் பகுதியில் இந்தியப் படையினர் வானில் அடையாளம் தெரியாத ஒளிகளை 329 முறை பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை அவை அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததாகக் கணக்கு. சீனாவின் உளவு ட்ரோன்களோ என்ற சந்தேகம் வலுத்தது. 2013 ஏப்ரலில் லடாக்கின் டெப்சாங் சமவெளியில் இந்திய, சீனப் படைகள் கூடாரம் போட்டு எதிரெதிரே நின்ற காலகட்டம் அது. அந்த நேரத்தில் இப்படியொரு கணக்கு சின்ன விஷயமில்லை. கடைசியில் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொன்ன விடை: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

செய்தி வெளியானபோது பலரும் கேலி செய்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் கண்டதைப் பதிவு செய்தது சரியான காரியம். கோளாறு அதற்கடுத்த கட்டத்தில்: எந்தக் கருவியை முதலில் எடுப்பது என்ற வரிசையில். விலை உயர்ந்தவை முன்னால் வந்தன, கோணம் அளக்கும் வேலை கடைசியில் வந்தது. இரவு வானில் தெரியும் ஒளியை விசாரிக்க ஒரு படைப்பிரிவுக்கு இருக்கும் வழிகளை இங்கே எடை போட்டுப் பார்க்கலாம். பிற நாட்டுப் படைகள் எங்கே தேறின, எங்கே இடறின என்பதும் கூடவே வரும்.

ரேடார்

2012 இலையுதிர்காலத்தில் ஏரியை ஒட்டிய மலையில் நடமாடும் ரேடார் ஒன்றையும், ரேடியோ சிக்னல்களைக் கண்டறியும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றையும் கொண்டுபோய் வைத்ததாக அப்போதைய செய்திகள் கூறின. கண்ணுக்குத் தெரிந்த ஒளி ரேடாரில் விழவில்லை. அப்படியானால் அது உலோகமில்லாத பொருள் என்று அனுமானித்தார்கள். இந்த அனுமானத்தில்தான் வழி தவறியது.

ரேடார் எதையும் காட்டாததற்குக் காரணங்கள் பல. பொருள் அதன் எட்டும் தூரத்துக்கு அப்பால் இருக்கலாம். கற்றைக்கு மேலேயோ மலை மறைவிலோ இருக்கலாம். மிக மெதுவாக நகர்வதால், மலைப்பாறைகளின் எதிரொலியை வடிகட்டும் டாப்ளர் வடிப்பானே அதையும் சேர்த்துத் தள்ளியிருக்கலாம். எதிரொலிக்கும் பரப்பு மிகச் சிறிதாக இருக்கலாம். ரேடார் எட்டும் தூரம் எதிரொலிப் பரப்பின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. 1 சதுர மீட்டர் பரப்புள்ள பொருளை 30 கி.மீ.யில் பிடிக்கும் ரேடார், 0.01 சதுர மீட்டர் ட்ரோனை 10 கி.மீ.க்குச் சற்று உள்ளே வந்தால்தான் பிடிக்கும். ‘உலோகமில்லை’ என்பது இந்தப் பட்டியலில் கடைசியாக வர வேண்டிய விளக்கம்.

2012 ஆகஸ்ட் நடுவில் வெள்ளி பூமியிலிருந்து ஏறத்தாழ 10.7 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. ரேடார் அலை அங்கே போய்த் திரும்பவே சுமார் 12 நிமிடம் ஆகும். தூரம் தெரியாத நிலையில் ரேடாரின் மௌனத்துக்கு அர்த்தம் கிடையாது. குறைந்தபட்சம் ‘50 கி.மீ.க்குள் இருக்கிறது’ என்று வேறு வழியில் தெரிந்த பிறகே அந்த மௌனம் ஒரு தகவலாகும்.

சிலி நாட்டுக் கடற்படைக்கும் இதுவே நடந்தது. 2014 நவம்பர் 11 அன்று ரோந்து ஹெலிகாப்டர் ஒன்று அகச்சிவப்புக் கேமராவில் ஒரு பொருளைப் படம்பிடித்தது. தரை ரேடார்களில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. அரசுக் குழு இரண்டு ஆண்டு பார்த்தும் விடை கிடைக்காமல் 2017 ஜனவரியில் காணொளி வெளியானது. விமானப் பாதைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆர்வலர்கள், அது சாண்டியாகோவிலிருந்து மேலேறிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் என்று கண்டார்கள். ரேடாரில் அது இருக்கத்தான் செய்தது. ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கணித்ததைவிட வெகு தொலைவில் இருந்ததால் யாரும் அந்தப் புள்ளியைத் தேடவில்லை.

ஸ்பெக்ட்ரம் அனலைசர்

ட்ரோன் என்று நிரூபிக்க உதவும். ட்ரோன் இல்லை என்று நிரூபிக்க உதவாது. 433 மெகாஹெர்ட்ஸ், 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் கட்டுப்பாட்டு சிக்னலோ காணொளி சிக்னலோ கிடைத்தால், திசைகாட்டும் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வலுவான பக்கத்தைக் குறிக்கலாம். முன்பே பாதை ஏற்றிவிட்டுப் பறக்கும் ட்ரோன் எதையும் ஒலிபரப்பத் தேவையில்லை. படைமுகாமின் சொந்த வயர்லெஸ், ஜெனரேட்டர் இரைச்சல் இரண்டும் சேர்ந்து மெல்லிய சிக்னலை விழுங்கிவிடும். எடுத்துச் செல்வதானால், ஒளி இல்லாத ஓர் இரவில் முதலில் வெற்றுப் பதிவு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் திரையில் தெரியும் ஒவ்வொரு முள்ளும் எதிரியாகத் தோன்றும்.

துரத்திப் போவது

விமானத்தையோ ட்ரோனையோ அனுப்பும் யோசனை உடனே வரும். லடாக்கிலும் ஒரு ட்ரோனை மேலே அனுப்பிப் பார்த்ததாகவும், அது தன் உச்ச உயரம்வரை போயும் பொருளை எட்டவில்லை என்றும் செய்திகள் வந்தன. 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் கேப்டன் தாமஸ் மான்டெல், பிராணவாயுக் கருவி இல்லாமல் எஃப்-51 போர் விமானத்தில் இப்படி ஓர் ஒளிரும் பொருளைத் துரத்தி மேலே ஏறி, விமானம் விழுந்து இறந்தார். அதை முதலில் வெள்ளிக் கிரகம் என்றார்கள். பிறகு ‘ஸ்கைஹுக்’ என்ற ராட்சத ஆய்வு பலூன் என்ற விளக்கம் வலுப்பெற்றது. தூரம் தெரியாத பொருளைத் துரத்துவது முதல் வழியாக இருக்கவே கூடாது. பிரச்சினைக்குரிய எல்லையில் இன்னும் ஒரு ஆபத்தும் உண்டு: துரத்தும் நம் கருவியே கோட்டைத் தாண்டிவிடும்.

வெப்பக் கேமரா, இரவுப் பார்வைக் கருவி

இவை இருப்பதைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. 2004 மார்ச் 5 அன்று மெக்சிகோ விமானப்படையின் போதைப்பொருள் கண்காணிப்பு விமானம் காம்பெச்சே பகுதியில் 11 வெப்பப் புள்ளிகளைப் பதிவு செய்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தாங்கள் சூழப்பட்டதாகவே விமானக் குழு நினைத்தது. திசைக்கோடுகளை வரைபடத்தில் நீட்டிப் பார்த்தபோது அவை கடலுக்குள் இருக்கும் கான்டரெல் எண்ணெய் வயலின் எரிவாயுச் சுவாலைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தன. விமானம் நகர்ந்ததால், மேகக்கூட்டத்துக்குப் பின்னால் புள்ளிகளும் கூடவே ஓடிவருவதுபோல் தெரிந்திருக்கிறது.

இரவுப் பார்வைக் கருவியில் வேறொரு வம்பு. பிரகாசமான புள்ளியைச் சுற்றி வட்ட ஒளிர்வு படரும்; வியாழன்கூடப் பந்துபோல் வீங்கித் தெரியும். குவியம் தவறினால் புள்ளியின் வடிவம் லென்ஸ் துளையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். 2019இல் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட ‘பறக்கும் முக்கோணம்’ இப்படிப்பட்டதுதான். இரவுப் பார்வைக் கருவி வழியாகக் கேமராவில் எடுத்ததால் விழுந்த வடிவம் அது என்று 2022 மே மாதம் நாடாளுமன்றக் குழுவிடம் அந்நாட்டுக் கடற்படை உளவுத்துறை அதிகாரி விளக்கினார். ஆகவே இந்தக் கருவிகளில் எடுத்த உருவத்தை வைத்து வடிவம், அளவு பற்றி அறிக்கையில் ஒரு வரியும் எழுத வேண்டாம். அதே பொருளை நல்ல பைனாகுலரிலும் பார்த்துவிட்டு எழுதலாம். 10x50 பைனாகுலரை முக்காலியில் பொருத்தினால் வியாழனின் பெரிய நிலவுகள் நான்கில் இரண்டு மூன்றாவது ஒரே கோட்டில் தெரியும். கையில் பிடித்துப் பார்த்தால் நடுக்கத்தில் அது தெரியாது. 30 மடங்கு உருப்பெருக்கமுள்ள கண்காணிப்புத் தொலைநோக்கி இருந்தால் வேலை இன்னும் சுலபம்: வியாழன் தட்டாகவும், 2012 ஆகஸ்ட் வெள்ளி அரை நிலவாகவும் தெரிந்திருக்கும்.

ஒரே காவல்நிலையிலிருந்து கோணப் பதிவு

நேரம், திசைக்கோணம் (வடக்கிலிருந்து வலப்பக்கமாக எத்தனை டிகிரி), உயரக்கோணம் (கிடைமட்டத்திலிருந்து மேலே எத்தனை டிகிரி) ஆகிய மூன்று எண்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் எழுதுவது. இவ்வளவுதான். மலிவான வழி இது. பாங்கோங் புதிரை இறுதியில் அவிழ்த்ததும் இதே ஜாதி வேலை, அதாவது நட்சத்திரப் பின்னணியோடு ஒப்பிட்டு நகர்வை அளப்பது.

அப்போதைய வர்ணனை ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மஞ்சள் நிற ஒளிக்கோளம் சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து எழுந்து, மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெதுவாக வானில் நகர்ந்து பிறகு மறைகிறது. வானம் மணிக்கு 15 டிகிரி சுழலும். ஐந்து மணி நேரத்தில் 75 டிகிரி. காகித வான்விளக்கோ என்று பார்த்தால், அது சில நிமிடங்களில் அணைந்துவிடும். காற்றடிக்கும் பக்கம் போகும். இரவுக்கு இரவு ஒரே பாதையில் ஐந்து மணி நேரம் போகும் வான்விளக்கு கிடையாது.

‘சீனப் பக்கத்திலிருந்து’ என்பதையும் பார்க்க வேண்டும். பாங்கோங் கரையிலுள்ள தாகுங் போன்ற இடத்தில் நிற்பவருக்குக் கிழக்கே இருப்பது எல்லைக் கோடு. அந்த மாதங்களில் வியாழன் ரிஷப ராசியில் இருந்தது. லடாக்கின் அட்சரேகையில் அது கிழக்கு-வடகிழக்கில், திசைக்கோணம் 63 டிகிரி வாக்கில் உதிக்கும். பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்து மேலேறி, தலைக்கு அருகே வந்து மேற்கே போகும். கிழக்கு எல்லையில் நிற்பவருக்கு உதிக்கும் எந்தக் கிரகமும் ‘ஊடுருவி’ வந்ததாகத்தான் தெரியும்.

பதிவு எடுக்கும் முறை இது. நேரத்தை ஜி.பி.எஸ். கருவியிலிருந்து நொடிவரை எழுத வேண்டும். கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் தவறினால் வானில் 1.25 டிகிரி தவறும். திசைக்கோணத்துக்கு, நில அளவையில் கோணம் அளக்கும் தியோடலைட் அல்லது பீரங்கிப் பிரிவில் அதே வேலைக்கு இருக்கும் ‘டைரக்டர்’ கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிரிஸ்மாட்டிக் காம்பஸ் போதும். உயரக்கோணத்துக்கு கிளினோமீட்டர். அதுவும் இல்லையென்றால், நீட்டிய கையின் மடக்கிய முஷ்டி சுமார் 10 டிகிரி. அடிவானத்தில் மலை இருப்பதால் ‘மலைக்கு மேல் இத்தனை’ என்று எழுதக் கூடாது. கிடைமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அளவு எடுப்பவர் மாறினால் பெயருக்கு எதிரே அதையும் குறிக்க வேண்டும்.

காம்பஸ் தவறுவது பெரும்பாலும் சுற்றியிருக்கும் இரும்பால். அமெரிக்கத் தரைப்படைக் கையேடு சொல்லும் பாதுகாப்புத் தூரம்: உயர் அழுத்த மின்கம்பிக்கு 55 மீட்டர், லாரி அல்லது பீரங்கிக்கு 18 மீட்டர், முள்கம்பிக்கு 10 மீட்டர், இயந்திரத் துப்பாக்கிக்கு 2 மீட்டர், ரைஃபிளுக்கும் இரும்புத் தொப்பிக்கும் அரை மீட்டர். பதுங்குகுழி வாசலில் நின்று அளந்தால் இவை எல்லாமே மீறப்படும். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பவர் கழிக்க வேண்டாம். ‘காந்தத் திசை’ என்று எழுதினால் போதும், கணக்கிடுபவர் கழித்துக்கொள்வார். இருவரும் கழித்துவிடுவதுதான் வழக்கமான விபத்து.

கண்ணை மட்டும் நம்புவது வீண். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது அசைவதாகத் தோன்றும். கண்ணின் இயல்பு அது. இரண்டு கம்பங்களை இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டு, அவற்றின் நேர்கோட்டில் புள்ளியை வைத்துப் பார்த்தால் மாயம் போய்விடும். அடிவானத்திலிருந்து 8 டிகிரி உயரத்தில் இருக்கும் ஒளி, தலைக்கு மேலிருக்கும் ஒளியைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதனால்தான் சிவப்பும் பச்சையுமாக மின்னும். ‘நிறம் மாற்றி சைகை காட்டுகிறது’ என்று பதிவேட்டில் ஏறும். ஒளி விட்டுவிட்டு வந்தால் ஸ்டாப்வாட்சில் பத்துச் சுற்றுகளை அளக்க வேண்டும். 1980 டிசம்பரில் இங்கிலாந்தின் ரென்டில்ஷாம் காட்டில் அமெரிக்க விமானப்படையினர் கதிர்வீச்சு மானியோடு துரத்திய ஒளிகளில் ஒன்றுக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், ஐந்து நொடிக்கு ஒருமுறை வீசிய ஆர்ஃபோர்ட்னெஸ் கலங்கரை விளக்கம்.

ஒரு வாரப் பதிவு சேர்ந்தவுடன் வானில் எது எங்கே தெரியும் என்று காட்டும் ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் இடம், தேதி, நேரம் கொடுத்துப் பார்க்கலாம். கொல்கத்தா பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் வெளியிடும் பஞ்சாங்கமும் உண்டு. நட்சத்திரமானால் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே சிகரத்துக்கு மேல் வரும். அந்தக் குளிர்காலத்தில் வியாழன் ஏறக்குறைய இதற்குள் அடங்கியது. வெள்ளி அடங்காது. 2012 ஆகஸ்டில் சூரியனுக்கு மூன்றரை மணி நேரம் முன்பே உதித்தது, ஜனவரியில் ஒரு மணி நேரம் முன்புதான் உதித்தது. நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாகிக்கொண்டே போனது. 4 நிமிட விதியை மட்டும் வைத்து ‘வான்பொருள் இல்லை’ என்று வெள்ளியைத் தள்ளிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. இரண்டாவது ஒளி காலை 4 மணி வாக்கில் தோன்றி 11 மணிவரை தெரிந்ததாகப் பதிவானதும் ஆச்சரியமில்லை. அந்த உயரத்தின் மெல்லிய காற்றில், இருட்டிலிருந்தே கண்ணை எடுக்காமல் தொடர்ந்தால் பகலிலும் வெள்ளியைப் பார்க்கலாம்.

இரண்டு நிலைகளிலிருந்து ஒரே நேரத்தில்

ஒற்றை நிலைப் பதிவு ‘இது வியாழனின் பாதையில் போகிறது’ என்று சொல்லும். தூரத்தை அது நேரடியாகச் சொல்லாது. அதற்கு இரண்டு நிலைகள் வேண்டும். இருப்பவற்றுள் எனக்குப் பிடித்த வழியும் இதுவே.

பார்வைத் திசைக்குக் குறுக்காக 10 கி.மீ. இடைவெளியில் இரண்டு காவல்நிலைகள் என்று வைத்துக்கொள்வோம். பொருள் 20 கி.மீ. தொலைவில் இருந்தால் இரு திசைக்கோணங்களும் சுமார் 27 டிகிரி வேறுபடும். 50 கி.மீ.யில் 11 டிகிரி. 200 கி.மீ.யில் 3 டிகிரி. கிரகமானால் அளக்கக்கூடிய வித்தியாசமே இராது. ஒரு டிகிரி துல்லியமுள்ள காம்பஸ் இருந்தாலே ட்ரோனையும் கிரகத்தையும் ஒரே இரவில் பிரித்துவிடலாம்.

கேமரா இருந்தால் காம்பஸும் வேண்டாம். இரு நிலைகளிலும் 50 மி.மீ. லென்ஸ், முக்காலி, 5 நொடி எக்ஸ்போஷர். வயர்லெஸில் எண்ணிக்கை சொல்லி ஒரே கணத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். இரண்டு படங்களிலும் பொருள் அதே நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்தால் அது வெகுதூரத்தில் இருக்கிறது. இடம் மாறியிருந்தால் எவ்வளவு மாறியது என்பதே தூரத்தைத் தரும். குவியத்தைத் தானியங்கியில் விட்டால் இருட்டில் தேடிக்கொண்டே இருக்கும். கையால் முடிவிலிக்கு வைத்து டேப் ஒட்டிவிடுவது நல்லது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும், மாற்றுப் பேட்டரி சட்டைக்குள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும்.

இதில் தோற்க முக்கிய வழிகள் மூன்று. இரு நிலைகளும் பொருளும் ஒரே கோட்டில் அமைவது. வெவ்வேறு ஒளிகளை ஒரே ஒளியென்று நினைத்து அளப்பது. மூன்றாவது, திட்டத்தைப் பாதியில் விடுவது. 1948 இறுதியில் நியூ மெக்சிகோவில் பச்சைத் தீக்கோளங்கள் தென்பட்டபோது அமெரிக்க விமானப்படை ‘ட்விங்கிள்’ என்ற திட்டத்தில் படமெடுத்தபடியே கோணமும் அளக்கும் சினிதியோடலைட் கேமரா நிலையங்களின் வலையை அமைக்க நினைத்தது. சரியான யோசனை. வலை முழுமையாக அமையவே இல்லை. 1951 இறுதியில் உருப்படியான தகவல் இல்லாமல் முடித்துக்கொண்டார்கள். சில நொடிகளே தெரியும் தீக்கோளத்துக்கு அரைகுறை வலை உதவாது. ஐந்து மணி நேரம் தெரியும் ஒளிக்கு உதவும்.

நிறமாலை

லென்ஸுக்கு முன்னால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மி.மீ.க்கு 200 கோடுள்ள விளிம்பு விளைவுக் கீற்றணி ஒன்றை ஒட்டினால் போதும், விலை அதிகமில்லை. பச்சை ஒளி மையப் புள்ளியிலிருந்து 6 டிகிரி தள்ளி விழும், 50 மி.மீ. லென்ஸின் சட்டத்துக்குள் அடங்கும். கிரகமானால் சூரிய ஒளியின் தொடர்ச்சியான பட்டை. வெள்ளை எல்.இ.டி.யானால் 450 நானோமீட்டரில் ஒரு நீல முகடு, அதையடுத்து ஒரு பள்ளம், பிறகு அகன்ற மஞ்சள். சோடியம் விளக்கு 589 சுற்றுவட்டாரத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1984 ஜனவரி-பிப்ரவரியில் ஆய்வாளர்கள் முகாமிட்டபோது கேமராக்களில் இப்படிக் கீற்றணி பொருத்தியிருந்தார்கள். எக்ஸ்போஷர் அதிகமானால் பட்டை வெளுத்து எல்லாம் ஒன்றுபோல் தெரியும். அரை நொடி, 2 நொடி, 8 நொடி என மூன்று படம் எடுத்துவைப்பது பாதுகாப்பு. தூரத்தை இது சொல்லாது, ஆனால் ‘ட்ரோன் விளக்கா, இல்லையா’ என்பதற்கு நேரடிப் பதில் தரும்.

எதை முதலில் எடுப்பது

ஒளி பத்து நிமிடத்துக்கு மேல் நிலைத்து, தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வருமானால்: முதல் இரவிலிருந்தே கோணப் பதிவு, கூடவே முக்காலியில் பைனாகுலர். இரண்டாம் மூன்றாம் இரவுக்குள் பக்கத்துக் காவல்நிலையோடு ஒரே நேரப் படங்கள். கிரகம், நட்சத்திரம் என்று பொருந்தினால் வானியலாளருக்குத் தாள்களை அனுப்பி உறுதி கேட்கலாம். லடாக்கில் அதற்கு வெகுதூரம் போகவே வேண்டியதில்லை. அதே பெங்களூரு நிறுவனத்தின் வானாய்வகம் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘நேற்று ஒளி வந்தது’ என்று அனுப்பினால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று எண்களோடு அனுப்பினால் ஒரு மணி நேர வேலை.

இரு நிலைகளின் கோணம் வேறுபட்டால் வரிசை தலைகீழாகும். தூரம் கிடைத்துவிட்டதால் ரேடாரை அந்தத் தூரத்துக்கும் உயரத்துக்கும் திருப்பலாம், அனலைசரை அதே திசைக்கு வைக்கலாம். இப்போது அவை எதையும் காட்டாவிட்டாலும் அதற்கு அர்த்தம் உண்டு. ஒளி சில நொடிகளில் வானைக் கடந்தாலோ, திடீரென்று திரும்பினாலோ, நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு போனாலோ, கோணப் பதிவுக்குக் காத்திருக்காமல் ரேடாரைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது, பெரும்பாலான விசாரணைகளில் இதைச் செய்வதே இல்லை: முன்கூட்டியே சொல்வது. கணக்கிட்டவர் ‘இன்றிலிருந்து பத்தாம் நாள், இத்தனை மணிக்கு, இந்தச் சிகரத்தின் இடது தோளில் தெரியும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காவலில் நிற்பவருக்கு அந்தத் தாளைக் காட்டாமல் அவரிடம் வழக்கம்போல் பதிவு கேட்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கோப்பை மூடலாம். வெள்ளி விஷயத்தில் கணக்கு இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கும்: 2013 மார்ச் 28இல் அது சூரியனுக்குப் பின்னால் போகிறது, அதற்குச் சில வாரம் முன்பே விடியற்காலை ஒளி நின்றுவிடும், சில வாரம் கழித்து அந்தி நேரத்தில் மேற்கே, இந்தியப் பக்கத்து மலைகளுக்கு மேல் வரும்.